ஓடு துறந்த நத்தைகள்

பழனி மலைத்தொடரின் உச்சியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பது கொடைக்கானல். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் அங்கே மழை பொழிந்து ஓய்ந்தபின் சோலைக் காட்டினுள் புகுந்து பார்ப்போர்க்குப் புலப்படும் உயிர்கள் பல. மரங்களின் அடியில் பாசி பசுமை பூத்திருக்கும். உதிர்ந்த இலைகள் நனைந்து மெத்தைபோற் கிடக்கும். அவ்விலைகளுக்கிடையே, விரல் நீளமுள்ள ஓர் உயிர், தான் சென்ற வழியெல்லாம் வெள்ளிக்கோடு வரைந்தாற்போன்ற பசையைப் பரப்பிக்கொண்டு, மிக மெல்ல ஊர்ந்து செல்லும். தலையில் கொம்புகள் உண்டு. அவற்றைத் தொட்டால் உள்ளிழுத்துக்கொள்ளும். நத்தையின் இலக்கணமெல்லாம் அதனிடம் உண்டு. நத்தையின் முதுகில் இருக்கவேண்டிய ஓடு மட்டும் இல்லை. ஓடில்லா நத்தை என்பதே அதற்குப் பொருத்தமான பெயராகும்.

இதனைக் கண்டோர் சிலர் அட்டை என அஞ்சி விலகுவர். அட்டை வேறு, இது வேறு. மலைக்காட்டில் வழிச்செல்வோர் காலைப் பற்றிக் குருதி உறிஞ்சும் அட்டை மண்புழுவின் இனத்தைச் சேர்ந்தது. ஓடில்லா நத்தையோ இலை, காளான், மக்கிய பொருள் முதலியவற்றைத் தின்று வாழும் எளிய உயிர். கடலிலும் கடலட்டை எனப் பெயர் பெற்ற ஒன்று உண்டு. அது நட்சத்திர மீனுக்கு உறவு, நத்தைக்கு உறவன்று. பெயரால் மயங்காமல் உடலமைப்பால் உறவறிதலே உயிர்நூலின் முறையாகும்.

மலைச் சோலையில் மண்ணின் நிறத்தோடு மறைந்து வாழும் இவ்வெளிய உயிருக்கு, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், உப்புநீரின் அடியில், பவளப்பாறைகளின்மேல், உறவினர் கூட்டம் ஒன்று உண்டு. மலையிலிருப்பவை பழுப்பும் கருமையுமாய் ஒளிந்து வாழ, கடலிலிருப்பவையோ நீலமும் மஞ்சளும் செம்மையும் ஊதாவுமாய், மணவிழாவிற்கு அணிசெய்துகொண்டவை போல வெளிப்பட உலவுகின்றன. ஓட்டைத் துறந்த உயிர், பகைவர் நிறைந்த கடலில், இத்துணை அழகோடு எவ்வாறு அஞ்சாது வாழ்கிறது? அதனை அறிவது அறிவுக்கு விருந்தாகும்.

மெல்லுடலிகள் என்னும் பேரினம் மிகப் பரந்தது. கொற்கைத் துறையில் பண்டு எடுக்கப்பெற்ற முத்தினை ஈன்ற சிப்பியும், தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுக்கப்படும் சங்கும், வயலில் ஊரும் நத்தையும், எட்டுக் கைகளையுடைய பேய்க்கணவாயும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. இவற்றுள் பெரும்பாலானவை எலும்பற்ற தம் மெல்லிய உடலைக் காக்கச் சுண்ணாம்பினால் ஓடு கட்டிக்கொள்கின்றன. ஓடு அவற்றிற்குக் கோட்டை. ஆனால் கோட்டைக்கும் விலை உண்டு. அதனைக் கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நாள்தோறும் சுமந்து திரிய வலிமை வேண்டும். குறுகிய இடுக்குகளில் நுழையவும் அது தடையாகும். ஆகவே, நத்தை இனங்களுட் சில, நெடுங்காலப் போக்கில், ஓட்டைச் சிறுகச் சிறுகக் குறைத்து, முடிவில் அறவே விட்டுவிட்டன. நிலத்திலும் கடலிலும் இம்மாற்றம் தனித்தனியே பலமுறை நிகழ்ந்துள்ளது என்பர் அறிஞர்.

இடைநிலையில் நிற்பனவும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டுமே வாழும் ஒரு நத்தைக்கு ஓடு உண்டு. ஆயினும் அதன் உடல் முழுவதும் அவ்வோட்டினுள் அடங்காது. ஓட்டிற்கு வெளியே பரந்து கிடக்கும் அதன் உடல் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். பழைய வீட்டையும் விடவில்லை, புதிய வாழ்வையும் முற்றக் கொள்ளவில்லை என்று கூறத்தக்க நிலை அது.

பழனி மலையும் கடலும் தொடர்பற்றவை அல்ல. மலையின் தென்சரிவில் பிறக்கும் வராக நதியும் மஞ்சளாறும் வையையோடு கலக்கின்றன. வையை மதுரையைக் கடந்து, வழியிலுள்ள கண்மாய்களை நிரப்பி, இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணையை நோக்கிச் செல்கிறது. வடசரிவில் பிறக்கும் சண்முக நதி அமராவதி வழியாகக் காவிரியை அடைகிறது. ஆதலின், கொடைக்கானல் சோலையின் இலைநுனியில் நின்று சொட்டும் ஒரு துளி நீர் கடலை அடையும் பயணத்தைத் தொடங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.

பாக் நீரிணைக்குத் தெற்கே, பாம்பன் கால்வாயின் மறுபுறம், மன்னார் வளைகுடா விரிந்துள்ளது. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே அதில் குருசடை, மனோலி, முயல் தீவு, நல்லதண்ணித் தீவு, வான் தீவு முதலாக 21 சிறு தீவுகள் எண்ணப்பட்டன. அத்தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. பாறை என்று பெயர் பெற்றாலும் பவளம் உயிர்களின் படைப்பே. குண்டூசித் தலையளவுள்ள நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் கூடி, தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பைச் சேர்த்துக் கட்டிய நகரம் அது. இவ்வளைகுடாவில் 117 வகைப் பவள உயிர்கள் கணக்கிடப்பட்டுள்ளன. அந்நகரின் சந்துபொந்துகளில் மீன், நண்டு, கடற்பஞ்சு, கடற்சாமந்தி முதலியன குடியிருக்கின்றன. அவற்றிடையே உலவும் வண்ணச் சிற்றுயிர்களே ஓடில்லாக் கடல் நத்தைகள்.

உலகெங்கும் இவற்றுள் ஏறத்தாழ 3,000 வகைகள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை சுண்டுவிரல் நீளத்திற்கு மிகாதவை. அரிசிமணியளவே உள்ளனவும் உண்டு. இந்து மாக்கடலிலும் பசிபிக் மாக்கடலிலும் வாழும் செந்நிறக் கூத்தி ஒருத்தி மட்டும் முழங்கை நீளத்திற்கு வளர்வாள். அமைதியாக ஊர்ந்து செல்லும் அந்நத்தையைத் தீண்டினால், அது தன் உடலின் ஓரங்களை விரித்துச் செம்பட்டுப் பாவாடை சுழல்வது போல அலையலையாக வீசி நீந்திச் செல்லும்.

இவற்றின் உடலமைப்பு காணத்தக்கது. அடிப்புறம் முழுவதும் ஒரே பாதம். அது சுருங்கியும் விரிந்தும் உடலை நகர்த்தும். தலையின்மேல் இரண்டு கொம்புகள் நிமிர்ந்து நிற்கும். அவை முட்டுவதற்கு அமைந்தவை அல்ல. நீரில் கரைந்து வரும் மணத்தையும் சுவையையும் அறிவதற்கு அமைந்தவை. உணவு எத்திசையில் உள்ளது, துணை எத்திசையில் சென்றது என்பதை இக்கொம்புகளே அறிவிக்கும். சிலவற்றின் முதுகின் பின்புறத்தில், மலர்ந்த பூவைப் போல, இறகு வடிவான செவுள்கள் வட்டமாக விரிந்திருக்கும். நிழல் பட்டாலும் அப்பூ சட்டெனக் குவிந்து உடலுக்குள் மறைந்துவிடும். வேறு சிலவற்றிற்கு அத்தகைய செவுட்பூ இல்லை. அவற்றின் முதுகெங்கும் விரல் போன்ற நீட்சிகள் நெருங்கி முளைத்துக் காற்றில் ஆடும் நெற்கதிர் போல நீரில் அசையும். மூச்சு விடுதலும் உணவு செரித்தலும் அந்நீட்சிகளில் நடைபெறும். மலையிலுள்ள ஓடில்லா நத்தையோ உடலின் வலப்புறத்திலுள்ள ஒரு சிறு துளை வழியாகக் காற்றை உள்ளிழுக்கிறது. ஒரு குலத்து உறவினரே ஆயினும், வாழும் இடத்திற்கேற்ப மூச்சு முறை வேறுபட்டது.

வியப்பு யாதெனில், இத்துணை வண்ணம் பூண்ட இவ்வுயிர்கள் தம் வண்ணத்தைத் தாமே காண இயலாதவை. இவற்றின் கண்கள் தோலினுள் புதைந்த சிறு புள்ளிகள். ஒளியையும் இருளையும் பிரித்தறிவதற்கன்றி, உருவையும் நிறத்தையும் காண அவை உதவா. ஒரு துணை மற்றொரு துணையைக் கண்டு மயங்குவதற்காக இவ்வழகு அமையவில்லை என்பது இதனால் விளங்கும். இது பிறர் கண்ணுக்காக எழுதப்பட்ட செய்தி.

கடலின் ஆழத்தில் எல்லா நிறங்களும் ஒன்றுபோலத் தோன்றுவதில்லை என்பதையும் ஈண்டு நினைவில் கொள்ளவேண்டும். கதிரவன் ஒளி நீருக்குள் இறங்க இறங்க, முதலிற் செந்நிறம் தேய்ந்து மறையும். நீலமே நெடுந்தொலைவு செல்லும். ஆகவே மேற்பரப்பில் நெருப்பெனச் சிவந்த நத்தை, ஆழம் மிகுந்தவிடத்தில் கருநிழல்போல் தோன்றும். மஞ்சளும் வெண்மையும் கருமையோடு மாறி மாறி அமைந்த கோடுகளும் புள்ளிகளுமோ நீருக்கடியிலும் தெளிவாகப் புலப்படும். மீனின் கண்ணில் அவை உடனே படும்.

மீனின் கண்ணில் படுவது இம்மெல்லுடலிக்குத் தீங்கன்றோ என்று ஐயுறலாம். அவ்வையத்தைத் தீர்ப்பதற்கு அதன் உணவை ஆராயவேண்டும். பவளத்திட்டில் வாழும் கடற்பஞ்சுகள் ஓடவும் ஒளியவும் இயலாதவை. ஆகவே அவை தம் உடலில் நச்சுப் பொருள்களைச் சேர்த்து வைத்துத் தம்மைக் காத்துக்கொள்கின்றன. மீன்கள் பெரும்பாலும் அவற்றை நாடுவதில்லை. பிறர் வெறுத்து ஒதுக்கும் அந்நஞ்சையே ஓடில்லா நத்தைகள் பல உணவாகக் கொள்கின்றன. ஆயிரக்கணக்கான நுண்பற்கள் பொருந்திய அரம் போன்ற நாவினால் கடற்பஞ்சைச் சுரண்டித் தின்று, அதிலுள்ள நஞ்சைச் செரிக்காமல் பிரித்தெடுத்துத் தம் தோலின் சுரப்பிகளில் சேமிக்கின்றன. அறியாத இளமீன் ஒன்று வாயில் கவ்வினால் அந்நஞ்சின் கசப்பை உணர்ந்து உடனே உமிழ்ந்துவிடும். அடுத்த முறை அதே வண்ணத்தைக் கண்டால் அணுகாது. “என்னைத் தின்னாதே, தின்றால் துன்புறுவாய்” என்பதே அவ்வண்ணம் கூறும் செய்தி.

இவ்வழக்கம் கடலுக்கே உரியது அன்று. பழனி மலையடிவாரத்தில் எருக்கஞ்செடி படர்ந்த வெளிகளில் வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியைக் காணலாம். அதன் புழு எருக்கிலையைத் தின்று வளர்கிறது. எருக்கம்பாலின் நஞ்சு புழுவின் உடலில் தங்கி, சிறகு முளைத்த பின்னரும் அதனைக் காக்கிறது. அதனால் அப்பூச்சி பறவைகளைக் கண்டு பதறாமல், நிறம் தெரிய, நிதானமாகப் பறக்கிறது. எருக்கஞ்செடிக்கும் கடற்பஞ்சிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பூச்சிக்கும் நத்தைக்கும் உறவு மிகத் தொலைவு. எனினும் ஒரே இடரை எதிர்கொண்ட இரு உயிர்கள் ஒரே வழியைக் கண்டன.

நஞ்சைச் சேமிப்பதைக் காட்டிலும் வியத்தகு செயலைச் செய்வனவும் உண்டு. கடற்சாமந்தியும் சொறியும் தம் உடலில் கொட்டும் நுண்ணறைகளை உடையவை. ஒவ்வோர் அறையிலும் சுருண்ட ஊசி ஒன்று உண்டு. தீண்டினால் அது பாய்ந்து நஞ்சைச் செலுத்தும். முதுகில் விரல் போன்ற நீட்சிகளையுடைய நத்தைகள் இவ்வுயிர்களைத் தின்னும்போது, இன்னும் முதிராத ஊசியறைகளை வெடிக்காமல் விழுங்கி, குடல் வழியாக நீட்சிகளின் நுனிக்குக் கொண்டுசென்று அங்கே அடுக்கிவைத்துக்கொள்கின்றன. பகைவன் கடித்தால் அவ்வூசிகள் பாயும். பகைவனின் படைக்கலத்தைப் பறித்துத் தன் கொத்தளத்தில் நிறுத்திய வீரன் செயலை இது ஒக்கும்.

கரையில் வாழாமல் நடுக்கடலில் மிதந்து திரியும் நீல நத்தை ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது. அது காற்றுக் குமிழை விழுங்கித் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, தலைகீழாக நீர்ப்பரப்பில் மிதக்கும். மேனோக்கிய பக்கம் நீலமாதலின் பறவைக்கு அது கடலாகத் தோன்றும். கீழ்நோக்கிய பக்கம் வெள்ளி நிறமாதலின் மீனுக்கு அது வானொளியாகத் தோன்றும். மனிதரையும் வருத்தவல்ல நீலச் சொறியைத் தின்று, அதன் ஊசிகளை இது சேமித்துவைக்கும். 2023 டிசம்பரில் மிக்சாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் இந்நீல நத்தைகள் ஒதுங்கின. விரல் நீளமுள்ள அழகிய பொம்மை என்று கையில் எடுத்தால், திரட்டி வைத்த ஊசியின் கடுமையை உணரவேண்டிவரும்.

எல்லாக் கடல் நத்தைகளும் நஞ்சையும் வண்ணத்தையும் நம்பியவை அல்ல. பவளத்தையே தின்று வாழும் சிறு நத்தை ஒன்று, தான் தின்னும் பவளத்தின் நிறத்தையும் வடிவையும் தானும் கொண்டு, அதன்மேல் இருப்பது தெரியாமல் ஒன்றிவிடும். கடற்பாசி தின்னும் கடல் முயல் என்னும் வகையோ, துன்புறுத்தினால் ஊதா நிற மையைக் கக்கிப் பகைவனைத் திகைக்கச் செய்யும். தலையிலுள்ள இரண்டு கொம்புகள் முயற்காதுபோல் நிமிர்ந்திருத்தலின் அதற்கு அப்பெயர் வந்தது. மற்றொரு வகை நத்தை பாசியைத் துளைத்து அதன் சாற்றை உறிஞ்சும். சாற்றோடு வரும் பசுங்கணிகங்களைச் செரிக்காமல் தன் உடலில் வைத்துக்கொள்ளும். இலை நிறமும் இலை வடிவும் கொண்டு அது வெயிலில் கிடக்கும். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் அத்தகைய நத்தை ஒன்று வேறு உணவின்றிப் பல மாதங்கள் உயிரோடிருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

இவற்றின் பிறப்பும் அறியத்தக்கது. ஒவ்வொரு கடல் நத்தையும் ஆணாகவும் பெண்ணாகவும் ஒருங்கே அமைந்தது. மெல்ல ஊரும் உயிர் பரந்த கடலில் தன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றைச் சந்திப்பது அரிது. சந்தித்த எதுவும் துணையாகத் தகும் என்னும்படி இவ்வமைப்பு உதவுகிறது. கூடியபின் இரண்டும் முட்டையிடும். முட்டைகள் நாடாப்போல் தொடுக்கப்பட்டுப் பாறையின்மேல் சுருள்சுருளாக ஒட்டப்படும். சிவப்பு நாடா சுருண்டிருக்கும் தோற்றம் ரோசாமலரை ஒக்கும். நஞ்சுடைய நத்தைகளுட் சில தம் முட்டைகளிலும் அந்நஞ்சை வைத்துச் செல்கின்றன. பிறந்த பின் குஞ்சைப் பேண இயலாத தாய், பிறக்குமுன்னரே காவல் வைத்துச் செல்கிறது என்க.

முட்டையிலிருந்து வெளிப்படும் இளவுயிரிக்குச் சிறியதோர் ஓடு உண்டு! முன்னோர் ஓட்டோடு வாழ்ந்தவர் என்னும் வரலாற்றை அச்சிற்றோடு அறிவிக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அவ்விளவுயிரி நீரோட்டத்தில் மிதந்து திரியும். தனக்கு உணவாகும் கடற்பஞ்சோ பவளமோ அருகில் இருப்பதை அதன் மணத்தால் உணர்ந்ததும் கீழே இறங்கும். இறங்கியபின் ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓடில்லா நத்தையாக வாழ்வைத் தொடங்கும். உரிய மணம் கிடைக்காவிடின் இறங்காது, இறங்காவிடின் வளராது. ஆகவே அதன் வாழ்வு முழுதும் ஓர் உணவின் இருப்பைப் பொறுத்தே நிற்கிறது.

கடல் நத்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி நம் கடல்களில் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே தொடங்கியது. இலங்கையிற் பிறந்து படை மருத்துவராகப் பணியாற்றிய கெலார்ட் என்பார், 1850களில் திரிகோணமலை முதலிய இடங்களில் இவற்றைக் கண்டு விளக்கக் குறிப்புகள் வெளியிட்டார். சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த சர் வால்டர் எலியட் விசாகப்பட்டினத்து வால்டேர்க் கரையில் திரட்டிய நத்தைகளை ஆராய்ந்து, ஆல்டர், ஹான்காக் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1864இல் நூலுரை வரைந்தனர். பின்னர், கிரேவ்லி என்பாரைத் தலைவராகக் கொண்டிருந்த சென்னை அரசு அருங்காட்சியகம், குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய தொகுப்பை 1927இல் வெளியிட்டது. 1947இல் மையக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது.

இவ்வாராய்ச்சியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சங்கையும் சிப்பியையும் எடுத்துப் பேழையில் வைத்தால் அவை நூறாண்டு கழிந்தும் அவ்வாறே இருக்கும். ஓடில்லா நத்தையைச் சாராயத்தில் இட்டு வைத்தால், சில நாளில் அதன் வண்ணமெல்லாம் வெளுத்து, வடிவும் சுருங்கி, வெறும் தசைத்துணுக்காகிவிடும். ஆகையால் உயிரோடிருக்கும்போதே அதனை வண்ணப்படமாக வரைந்துகொள்ளுதல் பண்டை ஆராய்ச்சியாளர்க்கு இன்றியமையாததாயிற்று. கடலைவிட்டு எடுத்த அழகு கையில் தங்குவதில்லை. இக்காலத்தில் நீர்மூழ்கி ஆராய்ச்சியாளர் கடலுக்கடியிலேயே நிழற்படம் எடுத்து, நத்தையை அதன் இடத்திலேயே விட்டு வருகின்றனர்.

இச்சிற்றுயிர்களால் மனிதர் பெற்ற பயனும் சிறிதன்று. மனிதன் எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கிறான் என்னும் வினா நெடுங்காலம் விடையின்றி இருந்தது. மனித மூளையில் நரம்பணுக்கள் பல ஆயிரம் கோடி. அவற்றுள் புகுந்து ஆராய்தல் அரிது. எரிக் காண்டல் என்னும் அறிஞர் கடல் முயலைத் தேர்ந்தெடுத்தார். அதன் நரம்பணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே; அவற்றுட் சில கண்ணாற் காணத்தக்க பருமன் உடையவை. அதனைத் தீண்டினால் செவுளை உள்ளிழுக்கும். பலமுறை மெல்லத் தீண்டினால் பழகி இழுக்காமல் இருக்கும். ஒருமுறை துன்புறுத்தினால் மறவாமல் விரைந்து இழுக்கும். இவ்வெளிய செயலைக்கொண்டு, கற்றல் நிகழும்போது நரம்பணுக்களிடையேயுள்ள இணைப்புகள் மாறுகின்றன என்பதை அவர் நிறுவினார். 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் வழங்கப்பெற்றது.

மற்றொரு கடல் முயலின் உடலில் கண்ட நச்சுப் பொருளை ஆராய்ந்ததன் பயனாக, நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றிற்கு மருந்து உருவாக்கப்பட்டு, 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அந்நஞ்சும் கடல் முயல் தானே ஆக்கியது அன்று. தின்ற நுண்பாசியிலிருந்து பெற்றதே. 2021இல் ஜப்பான் நாட்டின் நாரா மகளிர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், பாசிச்சாறு உறிஞ்சும் நத்தை ஒன்று தன் தலையைத் தானே துண்டித்துக்கொண்டு, அத்தலையிலிருந்தே ஏறத்தாழ மூன்று வாரத்தில் நெஞ்சப்பையோடு கூடிய முழுவுடலையும் மீண்டும் வளர்த்துக்கொண்டதை வெளியிட்டனர். ஒட்டுண்ணி புகுந்த உடலைக் களைந்தெறிவதற்காக அது அவ்வாறு செய்யலாம் என்று அவர்கள் கருதினர்.

இத்துணைத் திறம் படைத்த உயிரையும் மனிதன் செயல் கலங்கச் செய்கிறது. மன்னார் வளைகுடாவில் நெடுங்காலம் பவளப்பாறைகளைப் பெயர்த்துச் சுண்ணாம்பு சுடவும் கட்டடம் கட்டவும் பயன்படுத்தினர். அலையைத் தடுத்து நின்ற பாறை குறையவே, தீவுகளை அலை அரித்தது. எண்ணப்பட்ட 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டும் நீரில் மூழ்கின. 1986இல் இத்தீவுகளும் சூழ்கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பெயர்த்தெடுத்தல் இவ்வாறு தடுக்கப்பட்டது. ஆனால் சட்டத்தால் தடுக்க இயலாத வெப்பம் தொடர்ந்தது. 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் கடல்நீர் மிகச் சூடேறியதால் பவளங்கள் தம்முள் வாழ்ந்து உணவளித்த நுண்பாசிகளை இழந்து வெளுத்தன, பல மடிந்தன.

மற்றொரு கேடு, நன்மை கருதி வந்தது. கடற்பாசியிலிருந்து கெட்டிப்பசை எடுக்கும் தொழிலுக்காகப் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாசி ஒன்று 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரையில் கொண்டுவந்து வளர்க்கப்பட்டது. அது கரையோர மக்கள் பலருக்குப் பிழைப்பும் தந்தது. ஆயினும், வளர்த்த இடத்தைவிட்டுப் பரவி, குருசடைத் தீவின் பவளங்களைப் போர்வைபோல் மூடியதை 2008 அளவில் ஆராய்ச்சியாளர் கண்டனர். மூடிய பவளம் ஒளியின்றி மடியும்.

பழனி மலையை அறிந்தோர்க்கு இக்கதை புதிதன்று. சோலைகளுக்கிடையே பச்சைக் கம்பளமென விரிந்திருந்த புல்வெளிகளில், தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் ஆஸ்திரேலிய நாட்டு வாட்டில் மரமும் யூக்கலிப்டஸ் மரமும் நடப்பட்டன. அவை நட்ட எல்லையைக் கடந்து பரவின. புல்வெளியின் பெரும்பகுதி அவற்றின் நிழலில் மறைந்தது. அப்புல்வெளியோடு, 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் இடமும், புல்லின் வேரில் மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு ஊட்டிய மலையின் ஆற்றலும் குறைந்தன. மலையில் மரம் செய்ததனைக் கடலில் பாசி செய்தது. இரண்டிடத்தும் அயலிலிருந்து வந்த ஒன்று, அவ்விடத்துக்கே உரிய பலவற்றை மூடிவிட்டது. மரமும் பாசியும் குற்றமுடையன அல்ல; அவற்றைக் கொணர்ந்த மனிதன், அங்கே முன்னரே வாழ்ந்த உயிர்களைக் கணக்கில் கொள்ளாததே குற்றமாகும்.

ஒரே வகைக் கடற்பஞ்சை உண்டு வாழும் நத்தை, அக்கடற்பஞ்சு மடிந்தால் வேறொன்றை நாடாது. ஒரே பவளத்தின் மணத்தை எதிர்பார்த்து மிதந்து வரும் இளவுயிரி, அம்மணம் இல்லாக் கடலில் இறங்கும் இடமறியாது அழியும். பகைவனின் ஊசியைப் பறிக்கவும், தின்ற நஞ்சைக் காவலாக்கவும் கற்ற உயிருக்கு, தான் நின்ற இடம் அழிவதினின்றும் தப்பும் வழி தெரியாது. ஓட்டைத் துறந்த அந்நத்தைக்குப் பவளத்திட்டு முழுவதுமே ஓடாகும். அவ்வோட்டை உடையாமல் காப்பது மனிதரின் கடமை.

மலையுச்சியில் புல்வெளியைப் பேணுவோரும், ஆற்றில் கழிவைக் கலவாது காப்போரும், கடலில் பவளத்தைப் பெயர்க்காது விடுவோரும் ஒரே பணியைச் செய்வோரே ஆவர். சோலை இலையடியில் ஊரும் பழுப்பு நத்தையும், பவளத்தின்மேல் ஊரும் வண்ண நத்தையும், ஒன்றையொன்று ஒருநாளும் காணப்போவதில்லை. எனினும் அவை இரண்டையும் இணைக்கும் நீரின் வழி நெடுகிலும் வாழ்பவர் மக்களே.

வினாக்கள்

1. அட்டை, கடலட்டை, ஓடில்லா நத்தை ஆகியவற்றின் வேறுபாட்டினைக் கூறுக.
2. ஓட்டினால் நத்தைக்கு விளையும் நன்மையும் இடர்ப்பாடும் யாவை?
3. தம் வண்ணத்தைத் தாமே காண இயலாத கடல் நத்தைகட்கு அவ்வண்ணம் எவ்வாறு உதவுகிறது?
4. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியையும் கடற்பஞ்சு தின்னும் நத்தையையும் ஒப்பிட்டு எழுதுக.
5. ‘மலையில் மரம் செய்ததனைக் கடலில் பாசி செய்தது’: இக்கூற்றை விளக்குக.